கதவு வைக்காத அஞ்சல்காரர்

செங்கல்பட்டை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். மேலே இருக்கும் ஏரி நிரம்பினால், கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. எந்த ஊரில் பெய்த மழை, யாருக்குச் சொந்தமான நீர் என்று கீழேரி கேட்பதில்லை. வந்ததை வாங்கிக்கொள்ளும், மிஞ்சியதைக் கீழே அனுப்பும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள், மேலேரிக்குள் ஒருநாள் ஆலைக் கழிவு திறந்துவிடப்படும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அப்படித் திறந்துவிட்டால் கழிவும் அதே வாய்க்காலில், அதே ஒழுங்கோடு, ஏரி ஏரியாக இறங்கிவரும்.

உலகின் மின்னஞ்சல் ஏற்பாடும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. அதற்கு விதி எழுதியவரின் பெயர் ஜான் போஸ்டெல். அஞ்சல் துறையை நினைவூட்டும் அந்தப் பெயர் தற்செயலானது. அவர் 1998 அக்டோபர் 16 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இறந்தார். இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கல்தான் காரணம், வயது 55. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நான் அவர் பெயரைக் கேள்விப்பட்டேன். அதுவும் மரியாதை நிமித்தமாக அல்ல. ஒரு சங்கடத்தில் சிக்கி, இதற்கெல்லாம் மூலகாரணம் யார் என்று தேடிப் போனபோது.

அது 2001. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையோரம் இருந்த ஒரு கல்வி நிறுவனத்தில் நான் கணினிப் பராமரிப்பாளன். பதவியின் பெயர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்தெடுப்பதும் என் வேலைதான். நிறுவனத்துக்கு நொடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள குத்தகை இணைப்பு ஒன்று இருந்தது. அன்றைக்கு அது பெருமைக்குரிய வசதி. சொந்தமாக ஓர் அஞ்சல் வழங்கி வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. கணினி இதழ் ஒன்றுடன் இலவசமாக வந்த பழைய லினக்ஸ் குறுந்தகட்டிலிருந்து சென்ட்மெயில் மென்பொருளை நிறுவினேன். கடிதம் போனது, வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சில மாதங்கள் சென்றன. ஒருநாள் இரவு கணினி அறைக்குப் போனபோது மோடத்தின் விளக்குகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. வளாகத்தில் ஒருவரும் இல்லை. அஞ்சல் வரிசையை எடுத்துப் பார்த்தேன். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் காத்துக்கிடந்தன. ஒன்றுகூட எங்கள் மாணவரோ ஆசிரியரோ எழுதியதல்ல. மாத்திரை விற்பனை, கடன் தள்ளுபடி, பட்டம் வாங்கித் தருகிறோம் என்ற வாக்குறுதி. எங்கோ இருந்த ஒருவர் ஒரே ஒரு கடிதத்தையும் அதோடு நூறு முகவரிகளையும் எங்கள் வழங்கியிடம் கொடுத்துவிட்டுப் போவார். நூறு படிகள் எடுத்து நூறு இடங்களுக்குக் கொண்டு சேர்க்கும் கூலியில்லா வேலையை எங்கள் 64 கிலோபிட் இணைப்பு செய்யும். அனுப்புநர் முகவரி பொய் என்பதால், திரும்பிவரும் கடிதங்கள் எல்லாம் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறொருவரின் பெட்டியில் போய்க் கொட்டும்.

அந்த வரிசையின் நடுவில் எங்கள் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் கடிதமும் இருந்தது. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவர். குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவருக்கு உதவித்தொகையுடன் இடம் தந்திருந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று குறித்த நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பினார். அந்தப் பதில் குப்பைகளுக்கு இடையே மூன்று நாட்கள் காத்திருந்தது. முறை வந்து போய்ச் சேர்ந்தபோது, எதிர்முனை வழங்கி அதை வாங்க மறுத்தது. எங்கள் முகவரி உலகின் கறுப்புப் பட்டியல்களில் ஏறியிருந்ததுதான் காரணம். மறுப்புச் செய்தி மாணவரின் பெட்டிக்கு வந்தபோது கெடு முடிந்து ஒருநாள் ஆகியிருந்தது. இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போயிற்று. அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. நடந்தது என்னவென்று அவருக்கு விளக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சியில்தான் போஸ்டெல் என்ற பெயர் எதிர்ப்பட்டது.

முதலில் எனக்கு அவர்மீது எரிச்சலே வந்தது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டைச் செய்தவர் ஒரு பூட்டு வைக்கக் கூடவா மறந்தார்?

போஸ்டெல் 1943 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் அல்டடீனாவில் பிறந்தவர். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில் இணையத்தின் முன்னோடிகளாக அறியப்பட்ட விண்ட் செர்ஃபும் ஸ்டீவ் கிராக்கரும் அதே பள்ளியில் பயின்றவர்கள். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1966-இல் பொறியியல் பட்டமும், 1968-இல் முதுகலையும், 1974-இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் ஆர்ப்பாநெட் எனும் கணினி வலையமைப்பு உருவானபோது, அதன் முதல் முனை அந்தப் பல்கலைக்கழகத்தில் லியோனார்ட் கிளைன்ராக் நடத்திய ஆய்வுக்கூடத்தில்தான் அமைந்தது. 1969 அக்டோபர் 29 இரவு அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்துகள் போனதும் எதிர்முனைக் கணினி நின்றுவிட்டது. அந்த ஆய்வுக்கூடத்து மாணவர்களுள் ஒருவர் போஸ்டெல்.

அந்த மாணவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட நடைமுறைகளைக் குறிப்புகளாக எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். 1969 ஏப்ரலில் கிராக்கர் எழுதிய முதல் குறிப்புக்குக் கருத்துக் கோரும் குறிப்பு என்ற பொருளில் ஆர்.எஃப்.சி. என்று பெயர் வந்தது. ஆணையிடும் தொனி அதில் இருக்கக் கூடாது என்பதே அப்பெயரின் நோக்கம். அந்த வரிசையின் பதிப்பாசிரியராகப் போஸ்டெல் பொறுப்பேற்றார். இறக்கும்வரை அதே பொறுப்பில் இருந்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள். இருநூறுக்கும் மேற்பட்ட குறிப்புகளை அவரே எழுதியோ உடன் எழுதியோ இருக்கிறார். நம்மூரில் பெரிய அகராதிப் பணிகளை, பதிப்புப் பணிகளைத் தனியொருவராகச் சுமந்தவர்களின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு இந்த வகை மனிதர் புதியவர் அல்லர். பிறர் எழுதியதைத் திருத்தி, எண் கொடுத்து, முரண்பாடு கண்டால் திருப்பி அனுப்பி, புகழ் எதிர்பாராமல் நாளைக் கழிப்பவர்கள்.

எண் கொடுப்பது என்றேன். அதுதான் அவரது இன்னொரு வேலை. 1972 மே மாதத்தில் அவர் எழுதிய ஒரு குறிப்பு, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒதுக்கவேண்டிய இணைப்பு எண்களை யாராவது ஒருவர் பொறுப்பேற்று வழங்க வேண்டும் என்று கூறுகிறது. அந்த ஒருவரை ஜார் மன்னர் என்று பாதி விளையாட்டாகக் குறிப்பிட்டு, அது தானாகவே இருக்கலாமா என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்வியும் போட்டுவைத்தார். எவரும் மறுக்கவில்லை. இன்று உலகின் எந்த அஞ்சல் வழங்கியும் மற்றொன்றை 25 என்ற எண்ணில் அழைக்கிறது என்றால், அது அந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது. நாடுகளுக்கான இரண்டெழுத்து இணையப் பெயர்களை ஒப்படைக்கும் பணியும் அவரிடம் இருந்தது. இந்தியாவுக்குரிய டாட் இன் 1989 மே 8 அன்று பதிவானது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது தன் வேலையல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார். பன்னாட்டுத் தர அமைப்பின் நாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். நாடுகளுக்கிடையிலான எத்தனையோ வழக்குகளிலிருந்து இணையத்தை அந்த ஒரு முடிவு காப்பாற்றியிருக்கிறது.

நீண்ட தாடி, காலில் எளிய செருப்பு, மலைகளில் முதுகுப்பையுடன் நடப்பதில் ஆர்வம் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1977-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கு வந்தவர், கடைசிவரை அங்கேயே பணியாற்றினார். அவர் தொட்ட துறையில் கோடீசுவரர்கள் முளைத்தார்கள். அவர் ஆய்வு நிறுவனச் சம்பளக்காரராகவே இருந்தார்.

மின்னஞ்சல் என்பதையே அவர் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. வேறொரு கணினியில் இருப்பவருக்கு வலையமைப்பு வழியே கடிதம் அனுப்பும் வசதியை 1971-இல் செய்துகாட்டியவர் ரே டாம்லின்சன். (நம்மவர் ஒருவரே மின்னஞ்சலைக் கண்டுபிடித்தார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கொருமுறை வலம் வரும், ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.) ஆனால், கடிதங்கள் அப்போது கோப்புப் பரிமாற்ற ஏற்பாட்டின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்தன. கடிதத்துக்கென்று தனி நெறி வேண்டும் என்று 1980-இல் சுசான் ஸ்லைசருடன் சேர்ந்து ஒரு வரைவை எழுதினார் போஸ்டெல். அதைச் சுருக்கி, எளிமையாக்கி, 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 என்ற எண்ணில் வெளியிட்டார். எளிய அஞ்சல் பரிமாற்ற நெறி, அதாவது எஸ்.எம்.டி.பி., என்பது அதன் பெயர். பெயரிலுள்ள எளிமை உண்மையானது. வணக்கம் சொல்லித் தன் பெயரைக் கூறுவது, அனுப்புநர் யாரென்று கூறுவது, பெறுநர் யாரென்று கூறுவது, கடிதத்தைக் கொடுப்பது. நான்கே படிகள். எந்தப் படியிலும் சொல்வது உண்மைதானா என்ற கேள்வி இல்லை.

அந்த நெறியில் 251 என்றொரு பதில் எண் உண்டு. கடிதத்துக்கு உரியவர் இந்தக் கணினியில் இல்லை, ஆனாலும் நானே கொண்டு சேர்க்கிறேன் என்பது அதன் பொருள். அதை முதன்முதலில் படித்தபோது எங்கள் தெருவின் பழைய திண்ணைகள் நினைவுக்கு வந்தன. வழிப்போக்கர் யாரும் வந்து படுக்கலாம். காலையில் வீட்டுக்காரர் எழுந்து பார்த்தால் ஆள் போயிருப்பார். அடுத்த தெருவில் யாரையோ தேடி வந்தவரைக் கையோடு அழைத்துச்சென்று விடுவதும் வழக்கம். செங்கல்பட்டின் பழைய வீடுகளில் திண்ணைகள் இன்னமும் உண்டு. ஆனால், அவற்றைச் சுற்றி இரும்புக் கிராதி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

1982 மே மாதக் கணக்கின்படி அந்த வலையமைப்பில் இருந்த கணினிகள் 235. ஒரு கிராமத்தின் தலைக்கட்டு அளவு. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்பவர் யாரென்று மற்றவர்களுக்குத் தெரியும். கம்பிகள் அடிக்கடி அறுந்தன. கணினிகள் அடிக்கடி நின்றன. கடிதத்தை நேரே கொண்டுபோக முடியாதபோது, இடையில் விழித்திருக்கும் ஒரு கணினி வாங்கிவைத்துப் பிறகு கொடுப்பதுதான் அஞ்சல் போய்ச் சேர ஒரே வழி. இந்தக் கைமாற்றுதலைத்தான் ரிலே என்றார்கள். யாருக்கும் கைமாற்றிக் கொடுக்கும் வழங்கியை ஓப்பன் ரிலே என்று பிற்காலத்தில் குற்றப்பெயர் சூட்டி அழைத்தோம். அன்றைக்கு அதற்குத் தனிப்பெயரே இல்லை. எல்லா வழங்கிகளும் அப்படித்தான் இருந்தன.

பூட்டு வைக்க மறந்தாரா என்ற என் எரிச்சலுக்குப் பதில், அவர் எழுதிய இன்னொரு குறிப்பில் கிடைத்தது. எண் 706, நாள் 1975 நவம்பர். குப்பை அஞ்சல் சிக்கலைப் பற்றியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. ஒரே பக்கம். ஒரு கணினி தனக்கு வரும் செய்திகளில் சிலவற்றை மட்டும் மறுக்க வலையமைப்பில் வழியில்லை. வேண்டியதைப் பெற விரும்பினால் வருவதையெல்லாம் படித்தாக வேண்டும். பழுதான ஒரு கணினி செய்திகளைக் கொட்டத் தொடங்கினால் மற்றவர் வேலை நின்றுபோகும். ஆகவே இன்னாரிடமிருந்து வருவதை எனக்குத் தராதே என்று சொல்லும் உரிமை பெறுபவருக்கு வேண்டும் என்பது அதன் சாரம். உலகின் முதல் பெரிய விளம்பரக் குப்பை அஞ்சல் என்று கருதப்படுவது, டி.இ.சி. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய கடிதம். அது 1978 மே மாதத்தில்தான் வந்தது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே போஸ்டெல் எழுதிவிட்டார்.

அவர் கண்ட ஆபத்துக்கும் பிறகு வந்த ஆபத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழுதான கணினியை அவர் எதிர்பார்த்தார், பேராசைக்காரரை எதிர்பார்க்கவில்லை. 706-இல் தான் கேட்ட உரிமையை ஏழாண்டுகள் கழித்து 821-இல் முழுமையாகப் பொருத்தவுமில்லை. அது குறைதான் என்றே நான் கருதுகிறேன். ஆனால், அவர்மீது சுமத்தப்படும் இன்னொரு பழி நியாயமற்றது. 1980 வாக்கில் இணைய நெறிகளை வகுக்கும்போது அவர் ஒரு கோட்பாட்டைச் சொன்னார்: நீ அனுப்புவதில் கண்டிப்பாக இரு, நீ ஏற்பதில் தாராளமாக இரு என்ற கருத்தில். போஸ்டெல் விதி என்றே அதற்குப் பெயர். இந்தத் தாராளம்தான் குப்பை அஞ்சலை வளர்த்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் பேசியது எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றி. எழுதியவர் யாராயினும் எடுபிடி வேலை செய்யச் சொல்லவில்லை. விதியின் முற்பாதியை, அனுப்புவதில் கண்டிப்பு என்பதை, நாம்தான் வசதியாக மறந்தோம். எங்கள் வழங்கி அனுப்பிய நாற்பதாயிரம் கடிதங்களுக்கும் அனுப்பியவன் என்ற முறையில் நானே பொறுப்பு.

இதே இடத்தில் தமிழருக்கு அவர்மீது இருக்கவேண்டிய ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 821 ஆங்கில எழுத்துகளுக்கான ஏழு பிட் குறியீட்டை மட்டுமே சுமக்கும். எட்டாவது பிட்டில் தமிழை வைத்து அனுப்பினால் வழியில் ஏதாவதொரு வழங்கி அதை வெட்டிவிடும்; எதிர்முனையில் கேள்விக்குறிகளும் கோணல் எழுத்துகளும் வந்து நிற்கும். 1992-இல் மைம் என்ற ஏற்பாடு வந்தபிறகுதான் வழி பிறந்தது. முகவரியையே தமிழில் எழுதும் விதி வர 2012 ஆயிற்று.

இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது உலகில் குப்பை அஞ்சல் ஏற்கெனவே தொழிலாகிவிட்டிருந்தது. 1997-இல் பால் விக்ஸி முதலானோர் கறுப்புப் பட்டியல் முறையைத் தொடங்கினார்கள். வரும் வழங்கியின் எண்முகவரியைத் தலைகீழாக்கி, இணையப் பெயரேட்டில் ஒரு பெயரைப்போல் தேடினால், பட்டியலில் உள்ளதா இல்லையா என்று நொடியில் விடை வரும். அந்தப் பெயரேட்டு முறையை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். அவரிடம் அந்த வேலையைக் கொடுத்தவர் அதே நிறுவனத்திலிருந்த போஸ்டெல். திண்ணையை மூடவந்த கிராதியும் அவர் வீட்டுப் பட்டறையில் செய்ததாகவே அமைந்தது. 1998 மே மாதம் வெளிவந்த சென்ட்மெயில் 8.9, கேட்காமலே கதவைச் சாத்திவைத்து வந்தது; திறக்க விரும்பினால் நாமே திறக்க வேண்டும். நான் நிறுவிய பழைய குறுந்தகட்டில் இருந்தது 8.8.

அந்த 1998, போஸ்டெலின் வாழ்வில் கடினமான ஆண்டு. இணையப் பெயர்களில் பணம் புரளத் தொடங்கியபின், அவற்றின் மூல ஏடு யார் கையில் இருக்க வேண்டும் என்ற தகராறு வலுத்திருந்தது. சனவரி 28 அன்று அவர், உலகின் மூலப் பெயர் வழங்கிகளில் எட்டை நடத்தியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனி அமெரிக்க அரசின் ஒப்பந்ததாரர் நடத்தும் கணினிக்குப் பதிலாகத் தன் நிறுவனக் கணினியை மூலமாகக் கொள்ளுங்கள் என்று. அவர்கள் மாற்றினார்கள். அனுப்புநர் பெயரைச் சரிபார்க்க வழியில்லாத நெறியை எழுதியவரின் கடிதத்தை, அவர் பெயர் இருந்தது என்பதற்காகவே எட்டு இடங்களில் ஏற்றார்கள். அமெரிக்க அரசு அதிர்ந்தது. அதிபரின் ஆலோசகர் ஐரா மேகசினர் தலையிட்டபின் பழைய நிலைக்கே திருப்பினார். அது ஒரு சோதனை ஓட்டம் என்றார். சோதனையா, எதிர்ப்பா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எதிர்ப்பு என்பதே என் எண்ணம். அடுத்த எட்டு மாதங்களில் ஐகான் என்ற புதிய அமைப்பை நிறுவும் வேலையில் அவர் ஈடுபட்டார். செப்டம்பர் 30-இல் அது பதிவானது. பதினாறு நாட்களில் அவர் இல்லை. மறுநாளே விண்ட் செர்ஃப் எழுதிய நினைவஞ்சலி, அவர் காத்த அதே வரிசையில் 2468 என்ற எண்ணோடு வெளிவந்தது.

நான்கு மாதங்கள் கழித்து, 1999 பிப்ரவரியில், 2505 என்ற குறிப்பு வந்தது. சுவீடனின் குன்னர் லிண்ட்பெர்க் எழுதியது. பிறருடைய கடிதத்தைப் பிறருக்குக் கொண்டுபோவதை வழங்கிகள் மறுக்கும் வல்லமை பெற வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. ஏறத்தாழ 17 ஆண்டுகள் மரியாதையாக இருந்தது, முறைப்படி குற்றமானது. எல்லாரும் இசையவில்லை. மின்னணு உரிமைகளுக்கான அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் கில்மோர், கதவைத் திறந்துவைப்பது தன் உரிமை என்று கூறித் தன் வழங்கியைத் திறந்தேதான் வைத்திருந்தார். அவர் வாதத்தை என்னால் மதிக்க முடிகிறது. ஆனால், எங்கள் மாணவரின் கடிதம் நாற்பதாயிரத்துக்கு நடுவே கிடந்ததைப் பார்த்தவனால் ஏற்க முடியவில்லை.

2001-இல் நான் செய்ததைச் சொல்கிறேன்; இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். புதிய பதிப்பை நிறுவினேன். எங்கள் நிறுவனப் பெயருக்கு வரும் கடிதத்தை யாரிடமிருந்தும் வாங்கு, வெளியே போகும் கடிதத்தை எங்கள் வளாகத்து எண்முகவரிகளிலிருந்து மட்டும் வாங்கு, மற்றவற்றை மறு. இந்த மூன்றுக்குள் எல்லாம் அடங்கும். இரண்டாம் நாளே ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். வீட்டுத் தொலைபேசி இணைப்பிலிருந்து கடிதம் போகவில்லை என்று. அவர்களுடைய இணையச் சேவையின் எண்முகவரிகள் மொத்தத்தையும் நம்பத்தக்கவை என்று எழுதிவைத்தேன். அந்தச் சேவையின் சந்தாதாரர்கள் அத்தனை பேருக்கும் கதவைத் திறந்துவிட்டேன் என்பது ஒரு வாரத்தில் விளங்கியது. எங்கிருந்து வருகிறார் என்பதை வைத்து ஆளை நம்பக் கூடாது. கடவுச்சொல் கேட்டு நம்ப வேண்டும். அதற்கான விதி 1999 மார்ச்சிலேயே வந்திருந்தது. கடிதம் எழுதுபவர்களுக்கென்று 587 என்ற தனி வாசலும் அதற்கு முன்பே, 1998 டிசம்பரில் ஒதுக்கப்பட்டிருந்தது. அதைச் சரியாக அமைக்க எனக்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று. கறுப்புப் பட்டியல்காரர்களுக்கு எழுதிப் பெயரை நீக்க அதைவிட அதிக நாள்.  சிலர் பதிலே எழுதவில்லை.

அந்த அதிகாரம் இன்று இடம் மாறியிருக்கிறது. பெரிய அஞ்சல் நிறுவனங்கள் இரண்டு மூன்று, உலகின் பெரும்பாலான பெட்டிகளை வைத்திருக்கின்றன. அனுப்பும் வழங்கிகளின் பட்டியலை அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., கடிதத்தில் முத்திரையிடும் டி.கே.ஐ.எம்., இரண்டும் தவறினால் என்ன செய்வதென்று கூறும் டிமார்க் ஆகிய மூன்றையும் முறையாக அமைத்திருக்க வேண்டும் என்று, மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதித்தன. விதி நல்ல விதிதான். ஆனால், மூன்றையும் பிழையின்றி அமைத்தபின்னும், செங்கல்பட்டில் நான் இப்போது பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு வழங்கியின் கடிதங்கள் சில நாட்களில் குப்பைப் பெட்டிக்கே போகின்றன. ஏனென்று கேட்க ஆளில்லை. குறையிருந்தால் சுட்டிக்காட்டு, திருத்திக்கொள்கிறேன் என்று கேட்டுத்தான் போஸ்டெல் தன் குறிப்புகளை வெளியிட்டார். கேள்வி கேட்க முடியாத ஒரு காவல்காரர் அவர் நெறியின் வாசலில் நிற்பதை அவர் விரும்பியிருப்பாரா என்று எனக்கு ஐயம் உண்டு.

வழங்கி மூடியிருக்கிறதா என்று வளாகத்துக்குள்ளிருந்து சோதிக்க முடியாது. உள்ளே இருப்பவரை அது நம்பும். வெளியிலிருந்துதான் தட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே, வேலை முடிந்த அன்று மாலை பேருந்தேறி மாமல்லபுரம் போனேன். ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக இருந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில் அமர்ந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர் தன் ஊருக்கு நீண்ட கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். டெல்நெட் வழியே எங்கள் வழங்கியின் 25-ஆம் எண்ணை அழைத்தேன். வணக்கம் சொன்னேன், வாங்கிக்கொண்டது. அனுப்புநராக ஒரு பொய்ப் பெயரைக் கொடுத்தேன். அதற்கும் சரி என்றது. பெறுநராக வேறொரு நாட்டு முகவரியைக் கொடுத்தேன். சற்றுத் தயங்கி, 550 என்ற எண்ணும் ரிலேயிங் டினைடு என்ற சொற்களும் திரையில் வந்தன. மீண்டும் இரண்டு முறை வேறு பெயர்களில் கேட்டேன், அதே பதில். இணைப்பைத் துண்டித்துவிட்டு, அரை மணி நேரக் கட்டணத்தைக் கொடுத்து, கடைசிப் பேருந்துக்கு நடந்தேன்.